அத்தானின் வேனும் ஹேகர்ஸ்டவுன் பொறியாளரும்

1997-ஆம் வருடம் ஜூலை மாதம், ஒன்றரை மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பிரான்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் ஒரு பழைய 'சொல்தா'. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பணி முடிந்த பிறகு, கடைசியாகப் படைப்பிரிவு இருந்த தெற்குக் கடற்கரை ஊரான ஃப்ரெஜூஸிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்.

அவரிடம் 1984-ஆம் வருடத்து வோக்ஸ்வாகன் வேன் ஒன்று இருந்தது. இஞ்சின் பின்பக்கம், சாமான் வைக்கும் இடத்துக்கு அடியில். அதை எடுத்துக்கொண்டு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பாரீஸ் போவார். லா ஷாப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் அரிசி மூட்டை, பருப்பு, மிளகாய்த் தூள், மீசைக்காரப் படம் போட்ட அப்பளக்கட்டு எல்லாம் வாங்கி, ஃப்ரெஜூஸிலும் தூலோனிலும் இருந்த நம்மவர் வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வழிக்கே ஏறக்குறைய 870 கிலோமீட்டர். லாபம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பென்ஷன்காரருக்கு அது ஒரு மரியாதை. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள்.

சிக்கல் அவருடைய வலது முட்டியில் இருந்தது. ஜிபூத்தியில் பணியாற்றியபோது லாரியிலிருந்து குதித்து அடிபட்ட முட்டி. நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்காய் மிதித்துக்கொண்டிருந்தால்தான் வலி தொடங்கும். நான் போன மறுநாளே அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவு இடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக் காட்டினாள். துடைப்பக் கட்டையை முழ நீளத்துக்கு அறுத்து, ஒரு நுனியில் ரப்பர் மாட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியுமா? இதை வச்சு ஆக்ஸிலரேட்டரைக் கையால அமுக்கிக்கிட்டு ஓட்டறாரு உங்க அத்தான். லியோன் வரைக்கும் இப்படித்தான் வந்தேன்னு வாய்தவறி சொல்லிட்டாரு. வேனை வித்துடச் சொல்லு, நீ சொன்னா கேப்பாரு."

நான் சொல்லி அத்தான் கேட்ட விஷயம் என்று ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனாலும் அன்று மாலை பேச்செடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். பழைய வண்டிகளில் நாமே மாட்டிக்கொள்ளும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. 'ரெகுலாத்தர் து வித்தெஸ்' என்று பெட்டி மேல் எழுதியிருந்தது. நம்மூரில் இப்போது புதுக் கார் வாங்குகிறவர்கள் குரூஸ் கண்ட்ரோல் என்று சொல்கிறார்களே, அதுதான்.

"இதை நாமே மாட்டிடலாம் மச்சான். நீ பிரெஞ்சுல புலி. நீ படி, நான் முடுக்கறேன்."

அந்தப் பெட்டியைப் பற்றி எழுதும்முன் அதன் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது. ஓய்வு பெற்றபின், அமெரிக்கக் காப்புரிமைப் பத்திரங்களையெல்லாம் வீட்டிலிருந்தே கணினியில் வாசிக்கலாம் என்று தெரிந்துகொண்டு, பழைய பதிவேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டித் தெரிந்துகொண்டது.

வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் எண்ணம் மோட்டார் வண்டிக்கு முந்தையது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். இஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலே எழும். எழும்போது நீராவி வரும் வழியைக் கொஞ்சம் அடைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொட்டில்கள் வெளியே விலகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். மாவு அரைக்கும் ஆலைகளில் கல்லின் இடைவெளியைச் சரிசெய்ய இப்படி ஒரு குண்டு ஏற்பாடு முன்னமே இருந்தது. வாட் அதை நீராவிக்குக் கொண்டுவந்தார்.

குண்டுகளைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சில இஞ்சின்கள் நிலைகொள்ளாமல் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து ஆடிக்கொண்டே இருந்தன. ஏன் என்று 1868-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்த அலைகளைக் கணக்கில் கண்டவரும் அவரே. அவர் பெயரின் நடுவில் ஒரு கிளார்க் இருப்பதில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்த எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இந்த ஆட்டம் எங்கள் வேனிலும் வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1910-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் பியர்லெஸ் என்ற கார் கம்பெனி இந்தக் குண்டு ஏற்பாட்டைக் காரில் வைத்து, மேடானாலும் பள்ளமானாலும் வேகம் மாறாது என்று விளம்பரம் செய்தது. பிறகு அது ஓய்ந்துவிட்டது. அந்தக் காலத்துச் சாலைகளில் ஒரே வேகத்தில் போக இடம் ஏது?

இப்போது நமக்குத் தெரிந்த குரூஸ் கண்ட்ரோல், இந்தியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர். 1890-இல் பிறந்தவர். ஐந்து வயதில் கத்தி தவறி ஒரு கண்ணில் பட்டது. ஒரு கண்ணில் பட்ட காயம் சில சமயம் மற்றக் கண்ணையும் தாக்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதேபோல் ஒரு வருடத்துக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆம், காரின் வேகத்தை ஆளும் கருவியைச் செய்தவர் பார்வை இல்லாதவர்.

இதைப் படித்ததும் அதிசயச் செய்திபோல் நினைத்துக் கடந்துவிடாதீர்கள். அவருடைய குடும்பம் முழுக்க இரும்பும் எண்ணெயுமாக வாழ்ந்த குடும்பம். தண்டவாளத்தைப் பரிசோதிக்கப் போகிறவர்கள் ஓட்டும் சிறு வண்டிகளைச் செய்து ஆரம்பித்தவர்கள், பிறகு மோட்டார் இஞ்சின், அதன்பின் பிஸ்டன் ரிங் என்று போனார்கள். பையன் பட்டறையிலேயே வளர்ந்தான். பன்னிரண்டு வயதில் கூட்டாளிப் பையனோடு சேர்ந்து ஒரு மோட்டார் வண்டியே செய்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது தயங்கினார்களாம். உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அவள் பாடங்களை வாசித்துக் காட்ட, 1912-இல் இயந்திரவியல் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போரின்போது, கப்பல் கட்டும் தளத்தில், டார்பிடோப் படகுகளை அழிக்கும் போர்க்கப்பல்களின் டர்பைன் சுழலிகள் அதிராமல் சமன்செய்யும் வேலை அவருக்கு. அதிர்வைக் கையால் தொட்டு அறிகிற வேலை. கண் உள்ளவர்கள் திணறிய இடத்தில் அவருக்குக் கைகொடுத்தது விரல். பிற்பாடு குடும்பக் கம்பெனியான பர்ஃபெக்ட் சர்க்கிளுக்குத் தலைவரானார். 1936-இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவர்.

அவருடைய வக்கீல் நண்பர் ஒருவர் கார் ஓட்டுவார். பேசும்போது அவருக்குக் கால் தளர்ந்து வண்டி மெதுவாகும். பேச்சைக் கேட்கும்போது வேகம் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு வயிற்றைக் குமட்டியது. அந்த எரிச்சலில்தான் இந்தக் கருவி பிறந்தது என்று சொல்வார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறவனுக்கு வேகம் கண்ணால் தெரியும், உடம்பு கொஞ்சம் தயாராகும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். விழுப்புரம் பஸ்ஸில் தூங்கப் பார்த்த எவருக்கும் தெரியும், நம் டிரைவர்கள் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை தடவை காலை எடுத்து வைக்கிறார்கள் என்று.

இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாடு. டயர் தேய்வைக் குறைப்பதற்காக 1942-இல் அமெரிக்கா முழுக்க மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர், என்று உச்ச வேகம் வைத்தார்கள். அந்த வேகத்தைத் தாண்டாமல் ஓட்ட ஓட்டுநருக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

அவருடைய காப்புரிமைப் பத்திரம் 1950 ஆகஸ்ட் 22-ஆம் தேதியிட்டது, எண் 25,19,859. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஆக்ஸிலரேட்டர் இயங்குவதை எதிர்க்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி'. ஃபைல்களோடு காலம் தள்ளியவனுக்கு முதலில் கண்ணில் படுவது தலைப்புதான். பிடித்து வைக்கும் கருவி என்று அதில் இல்லை. எதிர்க்கும் கருவி என்று இருக்கிறது. ஓட்டுநர் ஒரு வேகத்தைக் குறித்து வைப்பார். வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் மிதி காலைத் திருப்பித் தள்ளும். சுழலும் குண்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து, போதும் என்று காலுக்குச் சொல்லும். அவசரமானால் அதையும் மீறி மிதிக்கலாம். காலை எடுத்தால் வேகம் குறைந்துவிடும். வண்டி முழுக்க மனிதன் கையில்தான், இல்லை, காலில்தான்.

காலை எடுத்த பிறகும் வேகத்தை விடாமல் வைத்திருக்கும் பூட்டு அதற்குப் பிறகே சேர்ந்தது. பூட்டு என்று வந்தவுடன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: எப்படித் திறப்பது? பிரேக்கை லேசாகத் தொட்டாலே அது விட்டுவிட வேண்டும். ஓட்டுநர் யோசித்து ஒரு பொத்தானைத் தேடும்படி இருக்கக் கூடாது, ஆபத்தில் கால் தானாக எங்கே போகுமோ அங்கேயே விடுதலையும் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கண்டுபிடிப்பின் பெரிய பாதி இதுதான். அத்தானுடைய துடைப்பக் கட்டையில் இல்லாததும் இதுதான்.

கட்டையில் இன்னொரு குறையும் உண்டு. அது மிதியை ஒரே இடத்தில் வைக்கும், வேகத்தை வைக்காது. ஏற்றம் வந்தால் வண்டி திணறும், இறக்கத்தில் பாயும். குண்டு ஏற்பாடு வேகத்தைப் பார்த்து மிதியை மாற்றுகிறது.

1958-இல் கிரைஸ்லர் கம்பெனி தன் விலை உயர்ந்த கார்களில் டீட்டரின் கருவியை 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் வைத்தது. அவர் வைத்துப் பார்த்த பெயர்களில் ஒன்று ஸ்பீடோஸ்டாட். கடைசியில் நின்றது கெடிலாக் கம்பெனி வைத்த 'குரூஸ் கண்ட்ரோல்'. பல வருடம் அது பணக்காரர் ஆடம்பரமாகவே கிடந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எல்லாம் மாறியது. அமெரிக்காவில் 1974 முதல் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல் என்று சட்டம். பிரான்சிலும் அந்தக் குளிர்காலத்தில்தான் ஒத்தோரூத்துகளுக்கு வேக வரம்பு வந்தது. ஏற்றி இறக்கி, 1974 நவம்பரில் 130 கிலோமீட்டர் என்று நிலைத்தது. அகலமான, காலியான சாலையில் மெதுவாகப் போவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் மக்களுக்குத் தெரிந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் மாட்டிக்கொள்ளும் பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. சுழலும் குண்டுக்குப் பதில் காந்தமும் மின்னணுச் சில்லும் வந்துவிட்டன. அத்தானின் கட்டிலுக்கு அடியில் இருந்தது அந்த வம்சத்தின் கடைக்குட்டி.

பெட்டியைத் திறந்தால் இவ்வளவுதான்: டிபன்பாக்ஸ் அளவுக்கு ஒரு மின்னணுப் பெட்டி, பிளாஸ்டிக் மணிபோல ஒரு 'சர்வோ', மணிமணியாகக் கோத்த ஒரு இரும்புச் சங்கிலி, காந்தங்கள், ஒரு சுருள், ரப்பர் குழாய், பொத்தான்கள், நிறநிறமாக ஒயர்கள். கூடவே பிரெஞ்சில் ஒரு கையேடு. எதிலிருந்தோ மொழிபெயர்த்த பிரெஞ்சு. வாக்கியத்துக்கு வாக்கியம் இடறியது.

என்னுடைய பிரெஞ்சைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எழுதப் படிக்கக் கற்றதிலிருந்து பள்ளி இறுதி வரை பிரெஞ்சிலேயே படித்தவன். வேலையில் சேர்ந்த பிறகும் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகளை வாசித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். 1840-களின் கையெழுத்தைக்கூடத் தடுமாறாமல் வாசிப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

முதல் நாள் வேனைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் போகும் அச்சில் காந்தங்களைக் கட்டினார் அத்தான். பக்கத்தில் சுருள். அச்சு சுற்றும்போது காந்தம் சுருளைக் கடக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு பெட்டிக்குப் போகும். துடிப்பை எண்ணிப் பெட்டி வேகத்தைத் தெரிந்துகொள்ளும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்கலாம். அத்தான் ஒரு தீப்பெட்டியை இடையில் நுழைத்து அளந்தார்.

அடுத்தது சர்வோ. பெட்ரோல் இஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் குழாயில் எப்போதும் ஒரு உறிஞ்சல் இருக்கும். அந்த உறிஞ்சலை ஒரு ரப்பர் குழாயில் எடுத்து இந்த மணிக்குள் விட்டால், உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு பின்னால் இழுபடும்; அதனோடு கட்டிய சங்கிலி கார்புரேட்டரின் த்ராட்டிலை இழுக்கும். உறிஞ்சலை உள்ளே விட ஒரு வால்வு, காற்றை உள்ளே விட ஒரு வால்வு. மூன்றாவதாக ஒன்று உண்டு. மின்சாரம் இருக்கும்வரை மூடியிருக்கும், நின்றால் தானாகத் திறந்து எல்லாப் பிடியையும் விட்டுவிடும். ஒயர் அறுந்தால்கூட வண்டி தன் பாட்டுக்குப் பாயாது. இதைக் கையேட்டில் வாசித்ததும் நான் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

டீசல் வண்டியில் இந்த உறிஞ்சல் கிடையாது; அதற்குத் தனிப் பம்பு வேண்டும், அல்லது மின்மோட்டாரில் இழுக்கும் சர்வோ வேண்டும். அத்தானின் வேன் பெட்ரோல் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சங்கிலியை மாட்டும்போது துளி தளர்வு விட வேண்டும். இறுக்கினால் இஞ்சின் ஓய்ந்து ஓடாது. நிறையத் தளர்ந்தால் இழுக்கும் தூரம் போதாது.

இரண்டாம் நாள் முழுக்க ஒயர் வேலை. பின்னால் இருக்கும் இஞ்சினிலிருந்து முன்னால் ஸ்டியரிங் வரைக்கும் வேனின் அடிவயிற்றில் ஒயர்களைக் கொண்டுபோக வேண்டும். நான் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு வரி வாசிப்பேன், தமிழில் சொல்வேன். அத்தான் வண்டிக்கடியிலிருந்து "ம்" என்பார். பிரேக் ஒயருக்கான பக்கம் வந்தபோது ஒரு வாக்கியம்: அந்த ஒயர், பிரேக் விளக்கு பல்புகளின் வழியாக 'லா மாஸ்' கண்டடைகிறதா என்று சோதிக்கவும்.

மாஸ் என்றால் நான் படித்த பிரெஞ்சில் நிறை, பொருள்திரள், ஜனத்திரள். பல்பு வழியாக நிறையைக் கண்டடைவதா? மொழிபெயர்த்தவன் உளறியிருக்கிறான் என்று முடிவுகட்டினேன். அத்தானிடம் கேட்கவில்லை. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஆபீஸில் ஒரு பதிவேட்டில் ஒரு வரியைத் தாண்டியிருந்தால் என் மேலதிகாரி என்னைத் தோலுரித்திருப்பார்.

மூன்றாம் நாள் காலை ஓட்டிப் பார்த்தோம். எண்பது கிலோமீட்டர் வந்ததும் அத்தான் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார், வண்டி மெதுவாகத் தொய்ந்தது. வீட்டுக்குத் திரும்பி மத்தியானம் வரை ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தோம். பெட்டியில் சோதனைக்கென்று ஒரு சிறு சிவப்பு விளக்கு உண்டு. பிரேக்கை மிதித்தால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். அது மிதிக்காமலே எரிந்துகொண்டிருந்தது.

"பெட்டி என்னமோ நான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கேன்னு நினைக்குது. அந்தப் பக்கத்தை மறுபடி படி மச்சான்."

வேறு வழியில்லாமல் அந்த வரியை வாசித்தேன். என் மொழிபெயர்ப்போடு இல்லாமல், பிரெஞ்சிலேயே. 'லா மாஸ்' என்றதும் வண்டிக்கடியிலிருந்து அத்தான் வெளியே வந்துவிட்டார்.

"மாஸுன்னா எர்த்துய்யா! பாடி எர்த்து! ராணுவ கேரேஜ்ல தினம் பத்து தடவை காதுல விழற வார்த்தை. இதையா விட்டே?"

விஷயம் இதுதான். பிரேக்கை மிதிக்காதபோது அந்த ஒயரில் மின்சாரம் இல்லை; பல்பின் இழை வழியாக வண்டியின் உடம்போடு அது சேர்ந்திருக்கும். அந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று பெட்டி எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பிரேக் ஒயரில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு பிடிக்க மறுத்துவிடும். பிடியை விடச்சொல்லும் வழி சரியாக இல்லாதபோது பிடிக்கவே மாட்டேன் என்கிறது. எர்த் கிடைக்கவில்லை என்றால் இரண்டு பக்கத்து பல்பும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு அத்தான் பின்னால் போய்ப் பார்த்தார். சத்தமே வரவில்லை. நான் இறங்கிப் போனேன். இடது பக்க பல்பு இழை அறுந்து கறுத்திருந்தது. வலது பக்கம் பல்பு நல்லது; அதன் எர்த் தகடு கடற்காற்றில் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது.

எத்தனை நாளாக அப்படி என்று யாருக்குத் தெரியும்? போன மாதம் ஏழு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு, லாரிகள் அடுக்கடுக்காகப் பின்னால் வரும் ரோன் பள்ளத்தாக்குச் சாலையில் வந்திருக்கிறார். எத்தனை முறை பிரேக் போட்டிருப்பார். ஒரு தடவைகூடப் பின்னால் வருகிறவனுக்கு விளக்கு எரிந்திருக்காது. போன தடவை பக்கத்து சீட்டில் அக்காவும் இருந்தாள். அத்தான் வேனின் படியில் உட்கார்ந்தார். சிகரெட் பற்றவைக்கப் பாக்கெட்டை எடுத்து, பற்றவைக்காமலே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லாதே."

சொல்லவில்லை. இன்று அக்கா இல்லை, அத்தானும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உப்புத்தாள் போட்டுத் தகட்டைத் தேய்த்து, இரண்டு பக்கமும் புது பல்பு மாட்டினோம். சிவப்பு விளக்கு அணைந்தது. மாலையில் மறுபடி சாலை. எண்பதில் பொத்தானை அழுத்தியதும் மிதி தானே லேசாக இறங்கியது. ஆனால் வண்டி அதே வேகத்தில் நிற்கவில்லை. எண்பத்தைந்து, எழுபத்தைந்து, மறுபடி எண்பத்தைந்து என்று படகுபோல் ஆடிக்கொண்டு போனது. மேக்ஸ்வெல் கணக்குப் போட்ட அதே ஆட்டம். பெட்டி அவசரப்பட்டு இழுக்கிறது, வண்டி தாமதமாக எழும்புகிறது, அதற்குள் பெட்டி பயந்து விட்டுவிடுகிறது. பெட்டியின் பக்கத்தில் எவ்வளவு துடிப்பாக இருக்க வேண்டும் என்று குறிக்க குட்டிக்குட்டி ஸ்விட்சுகள் இருந்தன. அத்தான் முதலில் வீரமாக உச்சத்தில் வைத்திருந்தார். மெதுவானதற்கு மாற்றி, சங்கிலியின் தளர்வையும் ஒரு மணி குறைத்ததும் ஆட்டம் அடங்கியது.

பிறகு அவர் வலது காலை எடுத்துத் தரையில் தட்டையாக வைத்தார். நான் காலைப் பார்த்தேன், வேகமானியைப் பார்த்தேன். முள் அசையவில்லை. கால் கிலோமீட்டர் போனதும் பிரேக்கைப் பெருவிரலால் தொட்டார். விட்டுவிட்டது. மறுபடி பிடிக்க வைத்தார், மறுபடி தொட்டார். சேன் ரஃபாயேல் வரை ஒரு இருபது தடவையாவது தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் பளிச்சிடுகிறதா என்று பார்த்தேன்.

துடைப்பக் கட்டையை அக்கா அடுப்படியில் ஒட்டடை அடிக்க வைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் நான் ஊர் திரும்பி ஆபீஸில் சேர்ந்த பிறகு போன் வந்தது. முதல் தடவையாகப் பாரீஸ் போய் வந்திருந்தார். முட்டி எப்படி என்று கேட்டேன். போகும்போது தெரியவே இல்லை, வரும்போது லியோனுக்கு அப்புறம் மழை, ஈரச் சாலையில் அதைப் போட வேண்டாம் என்று கையேட்டில் நீதானே வாசித்தாய், அதனால் அணைத்துவிட்டுக் காலால்தான் ஓட்டினேன், கொஞ்சம் வலித்தது என்றார். பர்கண்டிப் பக்கத்து நீண்ட ஏற்றத்தில் பிடி தளர்கிறது என்றும் சொன்னார். த்ராட்டில் முழுக்கத் திறந்தால் உறிஞ்சல் குறையும், அதனால்தான் அப்படி என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. புறப்படும் முன் வண்டியின் பின்னால் ஒரு வாளியை வைத்து, அதில் தெரிகிற வெளிச்சத்தை முன்னாலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, லா ஷாப்பலில் பொன்னி அரிசி விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.